கார்ப்பரேட்டருக்கும் பயிற்சி வேண்டாமா?

ரயில்வேயில் எங்களுக்கு மழைக்காலம் ஏப்ரல் மாதமே தொடங்கிவிடும். பாலம் பாலமாக இறங்கிப் பார்ப்போம். கல்வெர்ட்டில் அடைத்துக் கிடக்கும் மண்ணை எடுப்போம். தூண்களில் அபாய அளவுக் கோட்டுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிப்போம். இரவு மழையில் லைனைப் பார்த்து வரும் பேட்ரோல்மேனை அப்படியே அனுப்பிவிட முடியாது. கை விளக்கை எப்படிக் காட்டுவது, டெட்டனேட்டரை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று அவரைச் சொல்லவைத்து, செய்துகாட்ட வைத்து, பிறகுதான் அனுப்புவோம். அவர் பொறுப்பில் இருப்பது சில கிலோமீட்டர் தண்டவாளம்தான்.

மும்பை மாநகராட்சியில் 227 கார்ப்பரேட்டர்கள். 2011 கணக்கெடுப்பில் நகரின் ஜனத்தொகை ஒரு கோடியே இருபத்துநாலு லட்சம். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வருகிறது. இத்தனை பேருடைய சாக்கடை, சாலை, திறந்தவெளி பற்றிப் பேசவும் முடிவெடுக்கவும் போகிறவரிடம், "வெள்ளம் எப்படி வருகிறது தெரியுமா?" என்று யாராவது கேட்டதுண்டா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதிக் கூட்டம் ஒன்றில், அப்போதைய கார்ப்பரேட்டர் நாலாவின் மேல் கான்கிரீட் பலகை போட்டு மூடிவிடப் போவதாக அறிவித்தார். நாற்றமும் போகும், கார் நிறுத்த இடமும் கிடைக்கும் என்றார். ஏகக் கைதட்டல். நம்மவர்களும் தட்டினார்கள். நான் எழுந்து, "மூடிவிட்டால் உள்ளே தூர் எப்படி எடுப்பீர்கள்?" என்று கேட்டேன். "காகா, அதற்கெல்லாம் மெஷின் வந்துவிட்டது" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்த என்ஜினீயர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்ப்பரேட்டர் கெட்டவர் அல்ல. நல்ல உழைப்பாளி, நள்ளிரவில் கூப்பிட்டாலும் வருவார். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

2005 ஜூலை 26-ஐ நம் குடும்பங்கள் மறந்திருக்க முடியாது. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் கொலாபாவில் நூறு மில்லிமீட்டர்கூட இல்லை. பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்குக் கட்டப்பட்டவை, அதுவும் கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்துக்கு. அன்று பிற்பகல் கடல் ஏற்றம் கிட்டத்தட்ட நாலரை மீட்டர். தண்ணீர் எங்கே போகும்? அந்த அளவை 50 மில்லிமீட்டராக உயர்த்த வேண்டும் என்று 1993-லேயே அறிக்கை வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் அது அலமாரியில் இருந்தது. மிட்டி நதி விஹார், பவாய் ஏரிகளிலிருந்து இறங்கி மாஹிம் கழிமுகம் வரும் வழியில் குர்லாவையும் தாராவியையும் தொட்டுக்கொண்டு வருகிறது. அங்கே இருந்தவர்களில் திருநெல்வேலிக்காரர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சியே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1926-லிருந்து உள்ளாட்சிப் பயிற்சிக்கென்றே ஒரு நிறுவனம் மும்பையில் இருக்கிறது. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க 5,000 பேருக்குப் பயிற்சி தரப்போவதாக 2022-இல் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் மும்பைக்கென்று பருவநிலைச் செயல்திட்டமும் வெளியானது. எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் பெரும்பாலும் பயிற்சிக்குப் போகிறவர் அதிகாரி. இரண்டு மூன்று வருஷத்தில் அவருக்கு மாற்றல் வரும். கற்றதையும் கையோடு கொண்டுபோய்விடுவார்.

கார்ப்பரேட்டர் பக்கம் வேறொரு சிக்கல். மகாராஷ்டிரத்தில் பாதி இடங்கள் பெண்களுக்கு. நியாயமான ஏற்பாடு, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எந்த வார்டு யாருக்கு என்று குலுக்கல் முறையில் மாறுகிறது. ஐந்து வருஷம் சந்து சந்தாக அலைந்து கற்றவர் அடுத்த முறை அங்கே நிற்க முடியாமல் போகலாம். புதிதாக வருகிறவர் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும், முதல் மழைக்கு முன், பயிற்சி கட்டாயமாக வேண்டும் என்கிறேன். தேர்தலில் நிற்பதற்குத் தகுதி வேண்டும் என்று சொல்லவில்லை. யார் வேண்டும் என்பதை ஓட்டுப் போடுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பயிற்சி என்றாலே ஐந்து நட்சத்திர ஓட்டல், வெளிநாட்டுப் பயணம், குரூப் போட்டோ என்று நண்பர் ஒருவர் கேலி செய்கிறார். அதுவும் பொய்யில்லை. நான் சொல்வதற்கு ஓட்டல் வேண்டாம். ரப்பர் பூட்ஸ் போதும். வார்டு என்ஜினீயரும் தூர்வாரும் காண்ட்ராக்டரின் முகாதமும் கார்ப்பரேட்டரும் சேர்ந்து நாலா தொடங்கும் இடத்திலிருந்து கடலில் விழும் இடம்வரை ஒரு நாள் நடக்க வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் போகும் இடத்தில் ரயில்வேக்காரரும் சேர்ந்துகொள்ள வேண்டும். (அந்த இடத்தில் யார் தூர் எடுப்பது என்று கடிதம் எழுதியே காலம் கழித்தவர்களில் நானும் ஒருவன். ஒப்புக்கொள்கிறேன்.) கடல் ஏற்ற அட்டவணையைப் படிக்கத் தெரிய வேண்டும். ஒரு சின்னக் கணக்கும் தெரிய வேண்டும். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், இரண்டரை ஏக்கர் நிலத்தில் விழும் தண்ணீர் ஐந்து லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரிகள் ஐம்பது. அந்த நிலம் மண்ணாக இருந்தால் ஒரு பங்கை அது குடிக்கும். கான்கிரீட்டும் டைல்ஸும் போட்டுவிட்டால் ஏறக்குறைய ஐம்பது லாரித் தண்ணீரும் தாழ்வான சந்தில் இருப்பவர் வீட்டுக்குத்தான் போகும். இந்தக் கணக்கு தெரிந்தவர் மைதானத்துக்கு டைல்ஸ் போடும் கோப்பில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடமாட்டார்.

நம் சங்க மண்டபம் ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது. கட்சி பார்க்காமல் சுற்றுவட்டாரக் கார்ப்பரேட்டர்களையும் வார்டு என்ஜினீயர்களையும் ஒரு காலை கூப்பிடலாம் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன். பேச்சு மராத்தியில் இருக்கட்டும். இட்லி, காபி நம்முடையது. எங்கள் பகுதி நாலாவின் வரைபடத்தை நான் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறேன். சயான் கோலிவாடா, செம்பூர் பக்கத்து அன்பர்கள் தங்கள் சந்தில் சென்ற மழையில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று அளந்து ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்பினால், அதையும் அதில் குறித்துவிடுவேன்.