ஆறு நிமிடத்துக்கு விலை வைத்தோம், காட்டுக்கு?

சிங்கப்பூரின் குறுக்குத் தீவு ரயில் பாதை மெக்ரிட்சி வனத்தின் அடியில் நேராகவே போகும் என்று 2019 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோது இரண்டு எண்கள் ஊர் முழுக்க அடிபட்டன. காட்டைச் சுற்றிப் போனால் செலவு ஏறக்குறைய 2 பில்லியன் வெள்ளி கூடும். பயணம் ஆறு நிமிடம் வரை நீளும். எதிர்ப்பக்கத்தில் இருந்தவை உறுதிமொழிகள்: சுரங்கம் தரைக்கு 70 மீட்டர் கீழே போகும், வனப்பகுதிக்குள் மேற்பரப்பில் கட்டுமானம் இருக்காது, உயிரினங்களுக்கு இடையூறு குறைக்கப்படும். நல்ல உறுதிமொழிகள்தாம். மண் ஆய்வுக்காகத் துளையிட நினைத்த 72 இடங்கள் 16 ஆகக் குறைந்ததும் இயற்கை ஆர்வலர்கள் விடாமல் வாதாடியதன் பலனே. ஆனால் அந்தப் பக்கத்தில், மக்கள் பார்த்து ஒப்பிடும்படி ஒரு வெள்ளிக் கணக்குகூட இல்லை.

அந்த முடிவே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. சுற்றுவழி வேண்டுமென்றால் அதற்கும் வீட்டு நிலங்கள் தேவைப்பட்டிருக்கலாம். முழுக் கணக்கையும் போட்டிருந்தால் விடை இதுவாகவே வந்திருக்கவும் கூடும். நம் குறை, ஒரு பக்கத்தை வெள்ளியில் எழுதி மறுபக்கத்தை உரைநடையில் எழுதியதில்தான். வெள்ளிக்கும் வாக்கியத்துக்கும் போட்டி வந்தால் எது ஜெயிக்கும் என்பது எந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

விலை வைக்கத் தெரியாத ஊரா இது? நெரிசல் நேரத்தில் நகர மையத்துக்குள் கார் நுழைய 1975லேயே கட்டணம் வைத்தோம். 1998ல் அதை மின்னியல் முறைக்கு மாற்றினோம். கார் வைத்திருக்கும் உரிமையை 1990லிருந்து ஏலம் விடுகிறோம். தண்ணீர் சேமிப்பு வரி 1991ல் வந்தது. தென்கிழக்காசியாவில் முதன்முதலாகக் கரிம வரி போட்டதும் நாம்தான்: 2019ல் டன்னுக்கு 5 வெள்ளி, 2024ல் 25, 2026லும் 2027லும் 45, 2030க்குள் 50 முதல் 80 வரை. பேரங்காடியில் ஒரு பிளாஸ்டிக் பைக்கு 5 காசு எண்ணி வாங்குகிறோம். பைக்குக் கணக்கு வைத்த ஊரில், ஒரு ஹெக்டர் காடு தாங்கி நிறுத்தும் மழைநீருக்கும் தணிக்கும் வெயிலுக்கும் பொதுவெளியில் கணக்கு இல்லை என்பது விந்தைதான்.

இந்தக் கணக்கே கூடாது என்பவர்கள் உண்டு. காட்டுக்கு விலை போடுவது தாய்க்கு விலை போடுவதைப் போல என்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதற்கு நீலகிரியில் ஒரு சாட்சியும் இருக்கிறது. கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995ல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பரில் கிடைத்த இடைக்கால உத்தரவு இந்தியா முழுவதும் வன நிர்வாகத்தைப் புரட்டிப்போட்டது. அதே வழக்கின் நீட்சியாகத்தான் காட்டை வேறு காரியத்துக்கு எடுப்பவர்கள் கட்ட வேண்டிய ‘நிகர தற்போதைய மதிப்பு’ பிறந்தது. காட்டின் வகையையும் அடர்த்தியையும் பொறுத்து ஹெக்டருக்கு 4.38 லட்சம் ரூபாய் முதல் 10.43 லட்சம் வரை என்று 2008ல் நிர்ணயித்தார்கள். சரணாலயமானால் ஐந்து மடங்கு, தேசியப் பூங்காவானால் பத்து மடங்கு.

நோக்கம் நல்லதுதான். நடந்தது வேறு. சுரங்க நிறுவனத்துக்கும் அணைக்கட்டுத் திட்டத்துக்கும் அது இன்னொரு செலவுக் கணக்காகிப்போனது: பணத்தைக் கட்டு, காட்டை எடு. அப்படிச் சேர்ந்த நிதி சுமார் 40,000 கோடி ரூபாயைத் தொட்ட பிறகு, 2016ல்தான் அதைச் செலவிட ஒரு சட்டமே வந்தது. மரம் போன இடம் ஒன்று, பணம் கிடந்த இடம் இன்னொன்று. விலை என்பது முடிவெடுப்பவருக்குத் தகவலாக இருக்க வேண்டும். அங்கே அது வாசலில் வாங்கும் சுங்கமாக மாறிவிட்டது. மதிப்பிடுவதை எதிர்ப்பவர்கள் அஞ்சுவது இதற்குத்தான். நாமும் அஞ்சுகிறோம்.

ஆனாலும் விலையே போடாமல் விட்டால் காடு விலைமதிப்பற்றதாகிவிடுவதில்லை. திட்ட ஏட்டில் அது பூச்சியமாகத்தான் பதிவாகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் வீட்டுப் பழமொழி. காட்டை ஆற்றில் போடுகிறவர்கள் அளந்தாவது போடட்டும்.

அளப்பது எவ்வளவு வழுக்கலான வேலை என்பதை 2015ன் புகைமூட்டம் காட்டியது. அவ்வாண்டு சிங்கப்பூருக்கு ஏற்பட்ட இழப்பு ஏறக்குறைய 700 மில்லியன் வெள்ளி என்றார் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் மசகோஸ் ஸுல்கிஃப்லி. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் யூஸ்டன் குவா இணைந்து செய்த மதிப்பீடோ 1.83 பில்லியன் என்றது. ஒரே புகை, ஒரே வானம், இரண்டரை மடங்கு வித்தியாசம். யாரும் பொய் சொல்லவில்லை. எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள், ஒரு மனிதனின் இருமலுக்கும் வேலையிழந்த நாளுக்கும் என்ன விலை வைத்தார்கள் என்பதில் வருகிற வித்தியாசம் அது. ஆகவே எண்ணைவிட, எண் பிறந்த விதம் முக்கியம். அதை மூடி வைத்துவிட்டு விடையை மட்டும் அறிவிப்பது மதிப்பீடு ஆகாது.

இருமலின் விலை என்றதும், வெளிநாட்டு ஊழியர்கள் கூடும் சிராங்கூன் சாலைக்கு வர வேண்டியிருக்கிறது. 2015 செப்டம்பர் 25ல் புகை அபாய அளவைத் தொட்டபோது தொடக்கப்பள்ளிகளையும் உயர்நிலைப்பள்ளிகளையும் மூடினார்கள். கட்டுமானத் தளங்களுக்கு அப்படியொரு பொது விடுமுறை இல்லை. நோயால் போன வேலைநாளைச் சம்பளத்தை வைத்து அளப்பது பொருளியலில் வழக்கம். அந்த அளவுகோலில் தளத்தில் கம்பி கட்டியவரின் நுரையீரல், குளிரறையில் இருந்த அலுவலரின் நுரையீரலைவிடப் பல மடங்கு மலிவு.

பூங்காவை மதிப்பிடும் முறையிலும் இதே கோணல் உண்டு. ஓர் இடத்துக்கு மக்கள் எவ்வளவு செலவு செய்து, எவ்வளவு நேரம் கொடுத்து வருகிறார்கள் என்பதை வைத்து அதன் மதிப்பைக் கணிப்பார்கள். பயணச்செலவு முறை என்று பெயர். ஞாயிறு மாலை ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கத்துப் புல்வெளியைப் பாருங்கள். நாளிதழை விரித்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, கைப்பேசியைக் காலணிமேல் சாய்த்து வைத்து ஊரில் இருக்கும் பிள்ளையிடம் பேசிக்கொண்டிருப்பார் ஒருவர். மரநிழல் நகர நகர அவரும் பக்கத்திலிருப்பவரும் நகர்ந்து உட்காருவார்கள். விடுதியிலிருந்து வந்த பேருந்துக் கட்டணம் இரண்டு வெள்ளிச் சொச்சம். அவருடைய ஒரு மணி நேரத்தின் கூலியும் சொற்பம். சூத்திரத்தில் போட்டால் அந்த நிழலுக்கு வரும் விலை, காரில் மெக்ரிட்சிக்கு வந்து நடைபோடுபவர் தரும் விலையின் ஒரு துண்டு. வாரத்தில் கிடைக்கும் ஒரே புல்தரை அவருக்கு அதுதான் என்பது சூத்திரத்துக்குத் தெரியாது.

இதைச் சரிசெய்ய முடியாது என்று யாரும் கைவிரிக்க வேண்டாம். குறைந்த வருமானக்காரர் பெறும் பலனுக்குக் கூடுதல் எடை கொடுத்துக் கணக்கிட, பிரிட்டன் நிதியமைச்சின் வழிகாட்டியான ‘கிரீன் புக்’ வழி வைத்திருக்கிறது. நம்மூர் மதிப்பீட்டிலும் அந்த எடை வேண்டும். குடியுரிமை இல்லாத ஊழியர்களும் தலைக்கணக்கில் வர வேண்டும்.

கணக்கு எப்போதும் குறைத்தே மதிப்பிடும் என்பதற்குத் சிராங்கூன் சாலையின் தேக்காவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாயே போதும். சுண்ணாம்புக் கம்பம் என்று நம்மவர்கள் அழைத்த வட்டாரம் இது. காளவாயும் மாட்டுத் தொழுவமும் இருந்த காலத்தில் கழிவைச் சுமந்தது தண்ணீர். அந்தச் செலவை எந்த முதலாளியும் எழுதி வைக்கவில்லை. சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றுப் படுகையையும் 1977லிருந்து பத்தாண்டு சுத்தம் செய்ய 170 மில்லியன் வெள்ளி ஆனது. 2008ல் மரினா அணை வந்த பிறகு அதே நீர்வழிகள் குடிநீர்த் தேக்கத்துக்கு நீர் கொண்டு சேர்க்கின்றன. இந்த வரவை 1977ல் எந்த அட்டவணையில் எழுதியிருப்பார்கள்?

ஆகவே நாம் கேட்பது இதுதான். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கென்று தனிச் சட்டம் சிங்கப்பூரில் இன்னும் இல்லை. 2020ல் நடைமுறைகள் இறுக்கப்பட்டன, அறிக்கைகள் பெரும்பாலும் இணையத்தில் வருகின்றன, வரவேற்கிறோம். அந்த அறிக்கையோடு இரு பக்கமும் வெள்ளியில் எழுதிய பொருளியல் மதிப்பீடும் வர வேண்டும். ஒற்றை எண் வேண்டாம். குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று வரட்டும். அனுமானங்கள் ஒவ்வொன்றும் வெளியே தெரிய வேண்டும். திட்டத்தை நடத்தும் அமைப்பே மதிப்பீட்டாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கூடலூர்ப் பாடத்தையும் மறக்க வேண்டாம்: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, சுங்கை புலோ, லாப்ரடோர் ஆகிய நான்கு இயற்கை வனப்பகுதிகளின் மேற்பரப்பும் எந்தத் தொகைக்கும் பேரத்துக்கு வராது என்பதைச் சட்டமே சொல்லட்டும்.

வீட்டுக்காகக் காத்திருக்கும் இளம் தம்பதிகளை மறந்து இதை எழுதவில்லை. 33 ஹெக்டர் டோவர் காட்டின் கிழக்குப் பகுதி வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்குப் போனது. மேற்கில் ஒரு பகுதி இயற்கைப் பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டு, மீதியின் கதி சுமார் பத்தாண்டு கழித்துப் பரிசீலிக்கப்படும் என்று 2021 ஜூலையில் அறிவித்தார்கள். அந்தக் கெடு 2031 வாக்கில் வருகிறது. அங்கே தேங்கும் மழைநீர், குறையும் வெப்பம், வரும் பறவைகள், அக்கம்பக்கத்து மக்கள் கொடுக்கும் மதிப்பு, அதே இடத்தில் எழும்பக்கூடிய வீடுகளின் மதிப்பு அனைத்தையும் அளக்க ஐந்தாண்டு இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகமும் பல்கலைக்கழகங்களும் இந்த ஆண்டே அதைத் தொடங்க வேண்டும். முதல் கணக்கு 2028க்குள் மக்கள் கையில் இருந்தால், குறை சொல்லவும் திருத்தவும் நேரம் மிஞ்சும்.