சாயம் காவல் காக்காது

"வெளிநாட்டில் விவசாயிக்கென்று வரி குறைத்த டீசல் தனியாக விற்கிறார்களாம். அடையாளத்துக்குச் சாயம் கலந்திருப்பார்களாம். நமக்கும் அப்படிக் கொடுத்தால் என்ன?"

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்க வரும் சிறு விவசாயிகளிடையே இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கிறது. கேட்பதில் நியாயம் இருக்கிறது. கோடையில் ஓடைத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்ற வேண்டும், மருந்து தெளிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் என்ஜின்தான். 2024 கோடையில் இடுக்கி மலையில் ஏலச்செடிகள் எப்படிக் கருகின என்பதை நாம் மறக்கவில்லை. அந்த நாளில் பத்து லிட்டர் டீசல் இருந்தவன் பத்துத் தூறு செடியையாவது காப்பாற்றினான்.

நாம் வாங்கும் டீசலில் சாலைக்கென ஒரு செஸ் இருக்கிறது. சரிவில் நிற்கும் பம்ப்செட் எந்தச் சாலையில் ஓடுகிறது? 2021 பட்ஜெட்டில் விவசாய உட்கட்டமைப்பின் பெயரால் லிட்டருக்கு 4 ரூபாய் செஸ் போட்டார்கள். விவசாயத்துக்கான அந்த வரியை விவசாயியும்தான் கட்டுகிறான். ஆகவே நிவாரணம் கேட்பது பிச்சையல்ல. ஆனால் அதைச் சாய டீசலாகக் கேட்பது சரியா என்பதுதான் கேள்வி.

நீல எண்ணெய் கற்பித்த பாடம்

சாயம் கலந்த மலிவு எண்ணெய் நமக்குப் புதிதல்ல. ரேஷன் கடை மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் கலந்தது எதற்காக? ஏழை வீட்டு விளக்குக்கும் அடுப்புக்கும் போக வேண்டியது லாரிக்கும் ஜீப்புக்கும் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான். போகாமல் இருந்ததா?

விலையைப் பாருங்கள். 2011 ஜூனில் விலையைக் கூட்டிய பிறகும் டெல்லியில் ரேஷன் மண்ணெண்ணெய் லிட்டர் 15 ரூபாய்க்குள் இருந்தது. டீசலோ 41 ரூபாய். ஒரு லிட்டருக்கு 26 ரூபாய் வித்தியாசம் இருந்தால் சாயம் யாரைத் தடுக்கும்? நாடு முழுவதும் ரேஷன் மண்ணெண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேறு வழியில் போகிறது என்று 2005இல் தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சிக் குழு கணக்கிட்டது. கண்ணுக்குத் தெரியாத அடையாளப் பொருள் ஒன்றை 2006இல் கலந்து பார்த்தார்கள். அதையும் பிரித்தெடுக்க வழி கண்டுவிட்டார்கள். சில ஆண்டுகளில் திட்டமே கைவிடப்பட்டது.

தடுக்கப் போனவர்கள் உயிரையும் கொடுத்தார்கள். கலப்படம் செய்த பங்குக்கு எதிராக நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத், 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 ஜனவரி 25 அன்று மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே கூடுதல் கலெக்டர் சோனாவணே உயிரோடு கொளுத்தப்பட்டார்.

நம் கையிலும் கறை உண்டு

இதை எழுதுகிறவன் இதில் சுத்தமானவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் பழைய ஜீப் போடிமெட்டு ஏறி பூப்பாறைப் பக்கம் ஆள் கொண்டுபோய் வந்த காலம். "பாதிக்குப் பாதி ஊற்றினால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது, அண்ணே" என்றான் டிரைவர். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்கும், அதனால்தான் கேட்கவில்லை.

வண்டிக்கு ஆகத்தான் செய்தது. டீசல் பம்புக்கும் நாசிலுக்கும் டீசலே வழவழப்புத் தருகிறது. மண்ணெண்ணெய் அதைவிட மெலிந்தது. அந்தப் பசை அதில் இல்லை. உலோகத்தோடு உலோகம் உரசித் தேய்கிறது, இழுவையும் குறைகிறது. ஒருநாள் கூலிப் பெண்களை ஏற்றிய வண்டி கொண்டை ஊசி வளைவில் இழுக்காமல் நின்று பின்னால் சரிந்தது. சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்தினார்கள். ஆறு மாதம் மிச்சம் பிடித்த பணம் பம்ப் வேலைக்கே போயிற்று. அதே மாதங்களில் மலையடிவாரத்தில் எத்தனை பேர் "எண்ணெய் வரவில்லை" என்ற பதிலோடு வெறும் கேனைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினார்களோ! அந்தக் கணக்கை எந்த மெக்கானிக்கும் தீர்க்க முடியாது.

இன்று அந்த வியாபாரம் சுருங்கிவிட்டது. அதைச் சுருக்கியது சோதனைச் சாவடி மட்டுமல்ல. 2016 முதல் மண்ணெண்ணெய் விலையைச் சிறுகச் சிறுக உயர்த்தினார்கள். 2020இல் மத்திய அரசின் விலை மானியம் இல்லாமல் போயிற்று. ஒதுக்கீடும் வெட்டப்பட்டது. திருடன் ஒதுங்கினான்; ஆனால் உண்மையாகத் தேவைப்பட்டவனும் இழந்தான். மலிவுப் பொருள் கசிந்தால் கடைசியில் அடைபடுவது ஏழையின் குழாய்தான்.

சீமையிலும் இதே கதை

பிரிட்டனில் விவசாய டீசலுக்குச் சிவப்புச் சாயம். வரி, சாதாரண டீசல் வரியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. எல்லைக்கு அப்பால் அயர்லாந்தில் பச்சைச் சாயம். இரண்டுக்கும் நடுவே வட அயர்லாந்து எல்லையில் சாயத்தை வெளுத்து எடுத்துக் கார்களுக்கு விற்கும் கும்பல்கள் முளைத்தன. வெளுத்த கழிவைச் சாலையோரங்களில் கொட்டினார்கள்; அள்ளும் செலவு மக்கள் தலையில். 2015இல் இரு அரசுகளும் சேர்ந்து புதிய அடையாளப் பொருளைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. வண்டியின் டேங்கைத் திறந்து சோதிக்க அதிகாரிகள் உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

நம் ஊர் எல்லையை எண்ணிப் பாருங்கள். இப்போதே கேரளத்தில் டீசல் விலை அதிகம். 2023 ஏப்ரலில் அங்கே லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் கூடுதலாகச் சேர்ந்தது. இந்தச் சிறு வித்தியாசத்துக்கே அங்குள்ள வண்டிகள் இங்கே டேங்கை நிரப்பிப் போகின்றன. சாய டீசல் வந்தால் போடிமெட்டும் கம்பம்மெட்டும் என்ன ஆகும்?

எதைக் கேட்க வேண்டும்?

சலுகையை எண்ணெயில் கரைக்காமல் பணமாகக் கொடுக்கும்படி கேட்போம். பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்கில் விழுகிறது. அதே வழியில், ஏக்கருக்கு இவ்வளவு என்று கோடை தொடங்கும் முன் டீசல் உதவித்தொகை தரலாம். வங்கியில் விழுந்த பணத்தை ஜீப் டேங்கில் ஊற்ற முடியாது.

இதில் நம் பகுதிக்கென ஒரு சிக்கல் உண்டு. வீடும் ரேஷன் கார்டும் போடியில். இரண்டு ஏக்கர் ஏலம் கேரள எல்லைக்குள். இப்படிப்பட்டவரைத் தமிழக அரசு "நிலம் இங்கே இல்லை" என்று சொல்லும். கேரள அரசு "ஆள் இங்கே இல்லை" என்று சொல்லும். ஆகவே உதவித்தொகை மாநிலக் கணக்கில் இல்லாமல், இரு மாநில ஏல விவசாயிகளுக்கும் பொதுவான நறுமணப் பொருள் வாரியம் மூலம், தோட்டப் பதிவை வைத்து வர வேண்டும். பதிவு தன் பெயரில் இல்லாத குத்தகைக்காரர் விடுபட்டுவிடுவார் என்பது உண்மைதான். அதற்கும் ஒரு வழி சேர்த்தே கேட்க வேண்டும்.

பணமாகக் கொடுத்தால் விவசாயி வேறு எதற்காவது செலவழித்துவிடுவான் என்பார்கள். செலவழிக்கட்டுமே! அவன் பணம் அவன் வீட்டுக்குத்தானே போகிறது? நீல எண்ணெய் யார் வீட்டுக்குப் போயிற்று?

பதிவைத் தன் பெயருக்கு மாற்றாதவர்கள் முதலில் அந்த வேலையை முடியுங்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து மனு எழுதுவோம். அந்த மனுவில் சாயம் என்ற சொல்லே வேண்டாம்.