டாக்கியான் விற்பனைக்கு அல்ல

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் எடுக்க நின்றபோது, அருகில் இருந்தவர் கழுத்துப் பதக்கத்தைத் தூக்கிக் காட்டினார். “டாக்கியான் சக்தி சார், மூட்டுவலி போயிடும்.” ஆன்லைனில் வாங்கினாராம். விலையைக் கேட்டதும் எனக்குத்தான் வலித்தது.

டாக்கியான் என்ற துகளுக்குப் பின்னால் நமக்குப் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. கோட்டயத்துக்காரரான இயற்பியலாளர் இ.சி.ஜி. சுதர்சன் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். பின்னாளில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர். 1962இல் பிலானியுக், தேஷ்பாண்டே இருவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். நிறையுள்ள எதையும் ஒளியின் வேகத்துக்கு முடுக்க முடியாது என்கிறது ஐன்ஸ்டைனின் சார்பியல். சரி, பிறக்கும்போதே ஒளியைவிட வேகமாகப் பிறந்த துகள் இருந்தால்? இமயமலையைத் தாண்ட முடியாது என்பதால் அதற்கு வடக்கே மனிதர்களே இல்லை என்று சொல்லலாமா என்று கேட்டார் சுதர்சன். அங்கேயே பிறந்தவர்கள் மலை ஏற வேண்டியதில்லையே! 1967இல் இந்தத் துகளுக்கு டாக்கியான் என்று பெயர் வைத்தவர் ஜெரால்ட் ஃபைன்பெர்க்.

கற்பனைத் துகள்தானே என்று வாய்க்கு வந்தபடி அளக்க முடியாது. டாக்கியானின் நிறையை வர்க்கப்படுத்தினால் மைனஸ் எண் வர வேண்டும்; ஆற்றலை இழக்க இழக்க அதன் வேகம் கூட வேண்டும். எதிர்மறை நிறை என்ற இன்னொரு கற்பனையும் இப்படிக் கணக்குக்குக் கட்டுப்பட்டதுதான். 1957இல் ஹெர்மன் பாண்டி அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்படியொரு பொருளைத் தள்ளினால் நம்மை நோக்கியே வரும். சம அளவுள்ள சாதாரண நிறையின் அருகில் வைத்தால், இது துரத்த, அது ஓட, இரண்டின் வேகமும் ஏறிக்கொண்டே போகும். ஆனாலும் மொத்த ஆற்றல் பூஜ்யத்திலேயே நிற்கும். கேட்க விநோதம், கணக்கு உதைக்கவில்லை.

அது மட்டும் போதாது, சோதனையில் தேற வேண்டும். சாதாரணத் துகள்களுக்கு எதிர் மின்னூட்டம் கொண்ட துகள்களாலான எதிர்ப்பொருள் மேல்நோக்கி ‘விழுமோ’ என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. செர்ன் ஆய்வகத்தின் ஆல்ஃபா குழு எதிர் ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தப் பொறியில் பிடித்து மெல்லத் திறந்துவிட்டது. பெரும்பாலானவை கீழேதான் போயின. 2023இல் முடிவு வெளியானது. ஒளியை முந்தும் கதையும் ஒருமுறை சோதனைக்கு வந்தது: 2011இல் நியூட்ரினோ என்ற துகள் ஒளியை 60 நானோ நொடி முந்தியதாக இத்தாலியில் ஓபரா குழு அறிவித்தது. ஒளியிழைக் கம்பி சரியாகப் பொருந்தாமல் இருந்ததே முக்கியக் காரணம் என்று அந்தக் குழுவே பிறகு சொன்னது.

சுதர்சன் 2018இல் காலமானார். டாக்கியானை இன்றுவரை எந்தக் கருவியும் பிடிக்கவில்லை. பிடிபடாத துகளைப் பதக்கத்தில் அடைப்பது எப்படி? பதக்கத்துக்குள் உண்மையில் என்ன இருக்கும் என்பதும் விளையாட்டல்ல. 2021இல் நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு ஆணையம் சோதித்த ‘சக்தி’ப் பதக்கம், கைவளையம் முதலான பத்துப் பொருள்களில் கதிர்வீச்சு இருந்தது, விற்பனைக்குத் தடை விதித்தார்கள்.

அறிவியல் பெயர் ஒட்டிய சரக்கை யாராவது நீட்டினால், “எந்தக் கருவியில் அளந்தீர்கள்?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பர்ஸைத் திறக்காதீர்கள். மூட்டுவலிக்கு டாக்டரைப் பாருங்கள்.