தடியா, தடயமா?

பூந்தமல்லிக்கும் திருப்பெரும்புதூருக்கும் இடையே, பெங்களூர் நெடுஞ்சாலைக்கு அருகே உள்ளது குத்தம்பாக்கம். ஒருபுறம் திருப்பெரும்புதூர்: 1991 மே 21 இரவு முன்னாள் தலைமை அமைச்சர் ராஜீவ் காந்தி வெடிகுண்டுக்கு இரையான களம். மறுபுறம் பூந்தமல்லி: அவ்வழக்கில் 1998 சனவரி 28 அன்று, 26 பேருக்கும் தூக்கு என்று தனி நீதிமன்றம் தீர்ப்பளித்த இடம். களத்துக்கும் மன்றத்துக்கும் நடுவே நின்று கேட்போம்: குற்றத்தைத் துலக்குவது தடியா, தடயமா?

அவ்வழக்கே விடை பகரும். படம் எடுத்தவர் மாண்டார். அவருடைய நிழற்படக் கருவி மாளவில்லை. அதிலிருந்த படச்சுருள் கொலைகாரியின் முகத்தைக் காட்டிற்று. சிதறிய துணியையும் கம்பியையும் ஆராய்ந்து, குண்டு ஒரு பெண்ணின் உடலிலேயே கட்டப்பட்டிருந்தது என்று நிறுவினார், தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறையின் இயக்குநராயிருந்த பி. சந்திரசேகரன். அறிவு எழுப்பிய அந்தச் சுவர் இன்றும் அசையாமல் நிற்கிறது.

வாக்குமூலம் எழுப்பிய சுவர் என்னாயிற்று? காவல் அதிகாரியிடம் கூறும் ஒப்புதலை, 1872 முதல் நாட்டின் சான்றுச் சட்டம் ஏற்பதில்லை. தடா சட்டம் ஏற்றது! 1999 மே 11 அன்று உச்சநீதிமன்றம், 26 பேரில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. பேரறிவாளனின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்ட அதிகாரியே, அவர் சொன்னதில் ஒரு பகுதியை விட்டுவிட்டதாக 2013இல் கூறினார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18இல். முப்பது ஆண்டு இளமையை எந்த மன்றம் மீட்டுத் தரும்?

‘அனுபவம் போதாதா, பட்டம் எதற்கு?’ என்பார் உளர். அனுபவம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் குருதிக் கறையைக் காப்பதும், கிடைத்த பொருள் கைமாறும் ஒவ்வொரு படியையும் பதிவதும் கற்றால்தான் வரும். கற்காதவன் கையில் தடயம் அழியும். தடயம் அழிந்த இடத்தில் தடி எழும்!

2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் களத்துக்கே வரவேண்டும் என்கிறது. நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டுத் தவணை. சட்டம் எழுதியாயிற்று, குத்தம்பாக்கத்து வயலோரத்துக்கு வரும் வல்லுநர் யார்? சென்னைப் பல்கலைக்கழகத்திலும், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் முதுகலை பயிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்களே! தடய அறிவியல் பயின்றோரோடு இவர்களையும் புலனாய்வுப் பணியில் அமர்த்தினால் என்ன?

குற்றவியல், ‘எவன் செய்தான்?’ என்பதோடு நிற்பதன்று, ‘ஏன் செய்தான்?’ என்றும் கேட்பது. குத்தம்பாக்கமே அதற்குச் சான்று. கள்ளச்சாராயம் காய்ச்சுவது பலருக்குப் பிழைப்பாயிருந்த ஊர் அது. 1996இல் ஊராட்சித் தலைவரான வேதிப் பொறியாளர் இளங்கோ, மாற்றுத் தொழில் தருவதே மருந்து என்று கண்டார், அவ்வழியில் உழைத்தார். தடி அடுப்பை உடைக்கும், பசியை உடைக்குமா? காரணத்தை அறிந்தவனே குற்றத்தின் வேரை அறுக்கிறான்.

ஆகவே கேட்கிறோம்: உட்கோட்டந்தோறும் குற்றவியல் முதுகலைப் பட்டதாரி ஒருவருக்குப் பணியிடம் வேண்டும். காவல் நிலையத்தின் கடைநிலைக் காவலரும் பயில, அப்பாடங்கள் தமிழில் வரவேண்டும். செலவாகும் என்பீர்களா? குற்றமற்றவன் சிறையில் கழிக்கும் ஒரு நாளுக்கு விலை கூறுங்கள். பிறகு செலவைப் பேசுவோம்!