தொண்ணூறு ஓயில் எல்லாத்துக்குமோ?

எங்கட பெடியள் காருக்குச் சைலன்சர் மாத்துவினம், அலோய் வீல் போடுவினம், என்ஜினுக்கு விலைகூடின சிந்தெற்றிக் ஓயில் தேடுவினம். கியர்பொக்ஸ் எண்டு வந்தால் மட்டும் "தொண்ணூறு ஓயில் விடுங்கோ அண்ணை" என்பதோடு கதை முடிஞ்சுது.

தொண்ணூறு என்பது ஓயிலின் தடிப்பு மட்டும்தான். அழுத்தத்தை எவ்வளவு தாங்கும் என்பதை ஜீஎல்-4, ஜீஎல்-5 என்ற குறிகள் சொல்லும். பின்சில்லு டிபரன்சலில் ஹைப்பொயிட் பற்கள் வழுக்கியபடியே அழுத்தும். வலுக்கூடிய காருக்கு அங்கே கந்தகம், பொஸ்பரஸ் கூடிய ஜீஎல்-5 வேணும். அதையே கியர்பொக்ஸுக்குள் விட்டால் சிங்ரோ வளையத்தின் பித்தளையை அரிக்கக்கூடும். வளையம் பிடிக்காமல் வழுக்கினால் கியர் மாறும்போது கரகரக்கும். முன்சில்லு இழுக்கிற ஹொண்டா சிவிக்கில் டிபரன்சலும் கியர்பொக்ஸுக்குள்தான். அதற்குக் கம்பனி சொல்லுறது எம்ரிஎப், தொண்ணூறு இல்லை. கிளச் தட்டு வைத்த எல்எஸ்டி பூட்டியிருந்தால் அதற்கேற்ற சேர்மானமுள்ள ஓயில் தேடவேணும்.

இது புதுக்கதையும் இல்லை. பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின மொறிஸ் மைனருக்கே கியர்பொக்ஸுக்கு என்ஜின் ஓயில், பின் அச்சுக்கு ஹைப்பொயிட் தொண்ணூறு. ஐம்பது குதிரைவலுகூட இல்லாத காருக்கே இரண்டு ஓயில். டர்போ லான்சருக்கு ஒரு கான் காணும் எண்டு கராஜில் சொன்னால், கானைத் திருப்பி எழுத்தைக் காட்டச் சொல்லுங்கோ.