சூத்திரம் உண்டு, உரை எங்கே?

தொல்காப்பியச் சூத்திரத்தை உரையின்றி மாணவர் முன் வைக்க நாம் எவரும் துணிவதில்லை. இளம்பூரணரும் சேனாவரையரும் ஐயத்தை எழுப்பி, விடை கூறி, எடுத்துக்காட்டும் தந்த பின்னரே அது வசப்படுகிறது. மேனிலை வகுப்புகளிலோ நுண்கணிதத்தை உரையற்ற சூத்திரங்களாகவே பெரும்பாலும் கற்பித்து வருகிறோம். வகைக்கெழு என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். அடுக்கை முன்னே கொணர்ந்து, அடுக்கில் ஒன்றைக் குறைக்க வேண்டும் என்று விடை வரும். மாறிக்கொண்டிருக்கும் ஒன்று ஒரு கணத்தில் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதன் அளவே அது என்று சொல்பவர் அரிது.

இக்குறை நுண்கணிதத்தோடு பிறந்ததன்று. கேரளத்தில் மாதவர் வழிவந்த கணிதர்களுள் நீலகண்டர் 1501 அளவில் 'தந்திரசங்கிரகம்' இயற்றினார். அது வடமொழிச் செய்யுள். ஏறத்தாழ 1530இல் ஜ்யேஷ்டதேவர் 'யுக்திபாஷா' எழுதினார். அது மலையாள உரைநடை. வட்டத்தின் சுற்றளவைத் தரும் முடிவிலாத் தொடர் எவ்வாறு பிறக்கிறது என்பதை அந்நூல் படிப்படியாக நிறுவிக் காட்டுகிறது. இன்றைய நுண்கணிதம் முழுவதும் அங்கேயே இருந்தது என்று பெருமை பேச வேண்டியதில்லை. எல்லாச் சார்புகளுக்கும் பொருந்தும் பொதுமுறையாக அது அங்கு வளரவில்லை. நாம் கருத வேண்டியது, காரணத்தை விளக்க அவர் தம் மண்ணின் மொழியையும் உரைநடையையும் தேர்ந்தார் என்பதையே.

ஐரோப்பாவிலும் இதே செய்தியைக் காண்கிறோம். லத்தீன் அறிஞர் மொழியாக இருந்த காலத்தில், 1748இல் மரியா அக்னேசி தம் நுண்கணிதப் பாடநூலை இத்தாலிய மொழியில் வெளியிட்டார். 1902இல் பிரான்சு தன் உயர்நிலைப் பள்ளிகளில் நுண்கணிதத்தைச் சேர்த்தது. 1905இல் ஃபெலிக்ஸ் கிளைன் முன்னின்ற மெரான் பரிந்துரைகள், ஜெர்மானியப் பள்ளிக் கணிதத்தின் நடுவே சார்பு என்னும் கருத்தை வைக்க வேண்டின. 1910இல் இங்கிலாந்தின் சில்வானஸ் தாம்சன், குறியீடுகளைக் கண்டு அஞ்சுவோர்க்கென்றே ஓர் எளிய நூலைத் தம் பெயர் இன்றி வெளியிட்டார். 'டி' என்னும் குறிக்கு 'ஒரு சிறு துளி' என்று பொருள் சொல்லியே அவர் தொடங்கினார். உரையாசிரியர் செய்யும் வேலை இது.

நம் நாட்டிலும் ஒருவர் இருந்தார். தில்லிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த இராமச்சந்திரர், பெருமம் சிறுமம் காணும் கணக்குகளை இயற்கணிதம் கொண்டே தீர்க்கும் நூலொன்றை 1850இல் கல்கத்தாவில் வெளியிட்டார். 1859இல் டி மார்கன் அதனை லண்டனில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். பாஸ்கரர் முதலியோரின் இயற்கணித மரபில் வந்த மாணவர்க்கு அறிந்ததிலிருந்து அறியாததற்குப் பாலம் கட்டுவதே இராமச்சந்திரரின் நோக்கம்.

கல்லூரிக்குப் போனால் ஆங்கிலம்தானே, தமிழில் உரை எதற்கு என்பார் உளர். ஆங்கில வழியில் பயிலும் மாணவரும் அதே சூத்திரத்தைத்தானே மனனம் செய்கிறார்? குறை பயிற்று மொழியில் இல்லை, விளக்கம் இன்மையில் இருக்கிறது. தமிழில் கலைச்சொற்கள் போதிய அளவு உள்ளன. ஆனால் சொல் ஆக்கியதோடு நம் கடமை முடிந்ததாகக் கருதிவிட்டோம். வகைக்கெழு என்பதில் உள்ள 'கெழு' குணகத்தைக் குறிப்பது. 'கெழுதகைமை' என்பதில் வாழும் அதே பழஞ்சொல். இதையும் மாணவர்க்கு எவரும் சொல்வதில்லை.

உரையின்றியே முழு மதிப்பெண் பெறலாம் என்பது உண்மை. அந்த மதிப்பெண்ணை நம்பிப் பொறியியல் கல்லூரியில் நுழையும் சிற்றூர்ப் பிள்ளை, முதல் ஆண்டுக் கணிதத்தாளில் தோற்றுத் தனக்கு அறிவில்லை என்று முடிவு செய்துகொள்கிறது. இழப்பு அதனுடையது; பொறுப்பு நம்முடையது.

கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்தமர்ந்து, ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு பக்க உரை எழுதலாம். நிரம்பும் குடத்தில் நீர்மட்டம் ஏறும் வேகம், கழுத்தருகே அது ஏன் மாறுகிறது என்பதிலிருந்தே தொடங்கலாம். இதற்கு அரசாணை எதுவும் வேண்டியதில்லை. ஆசிரியர் இருவரும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.