குளத்துப் பச்சையும் நமது கடமையும்

கோடை முற்றிய நாளில் ஊர்க் குளத்துத் தண்ணீர் பச்சைப் பசேலென்று மாறி, மேலே வர்ணம் கரைத்து ஊற்றினாற்போல் ஏடு படிந்து நிற்பதை நம்மவர்களில் அநேகர் பார்த்திருக்கலாம். அந்தச் சமயத்தில் மீன் செத்து மிதந்தால், அம்மனுக்குக் கோபம் என்பார் ஒருவர். குளத்துக்குத் தோஷம், பரிகாரம் செய்ய வேண்டும் என்பார் மற்றொருவர். அதே குளம் கோவிலை ஒட்டியிருந்துவிட்டாலோ தீர்த்தமாகிவிடுகிறது. தீர்த்தத்துக்கு அழுக்கேது என்று அதிலேயே முழுகி, அதிலேயே வாய் கொப்பளித்து, குழந்தைக்கும் ஒரு கை அள்ளிப் புகட்டிவிட்டு வருகிறார்கள். கோபம் என்றாலும் சரி, புண்ணியம் என்றாலும் சரி, ஒரு காரியம் மாத்திரம் நடப்பதில்லை. அதாவது, தண்ணீர் ஏன் பச்சையாயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே நாம் கேட்கிறோம். இந்தப் பச்சை பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி என்று சொல்லப்படுவதாகும். பேர் பாசியானாலும் உண்மையில் இது பாக்டீரியா என்னும் நுண்கிருமி இனத்தைச் சேர்ந்தது. நல்ல வெயிலும், ஓட்டமில்லாத தண்ணீரும், தின்னச் சத்தும் கிடைத்தால் சில நாளில் கோடிக்கணக்காய்ப் பெருகிவிடும். பெருகினது செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் மூச்சு முட்டிச் சாகின்றன. மீன் சாவதற்கு அம்மனைத் தேட வேண்டிய அவசியமில்லை.

இதில் எல்லா வகையும் விஷமல்ல. ஆனால் சில வகைகள் ஈரலைக் கெடுக்கும் விஷத்தையும், சில வகைகள் நரம்பைக் கெடுக்கும் விஷத்தையும் உண்டாக்குகின்றன. எது விஷம், எது விஷமில்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 1878-லேயே, ஆஸ்திரேலியாவில் அலெக்சாண்ட்ரினா ஏரியில் இப்படிப் படிந்த ஏட்டைக் குடித்த ஆடுகளும் குதிரைகளும் நாய்களும் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் எழுதி வெளியிட்டிருக்கிறார்.

நிற்க, மாடு ஆடுகளோடு இது நின்றுவிடுவதுமில்லை. அதே ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த பாம் தீவில், 1979-ல் ஆதிக்குடி மக்களின் குழந்தைகள் கூட்டம் கூட்டமாய் வாந்தி கண்டு, ஈரல் வீங்கிப் படுத்தார்கள். சீக்கானவர்கள் மொத்தம் 148 பேர். குழந்தைகள் மாங்காய் தின்றதுதான் காரணம் என்று முதலில் பேசப்பட்டது. பின்பு விசாரித்ததில் வெளியானது என்னவென்றால், ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் அணையில் பாசி படிந்திருந்ததும், அதை அழிப்பதற்காக மயில்துத்தம் போடப்பட்டதுமாகும். பாசி செத்தது உண்மை. ஆனால் அதன் உள்ளேயிருந்த விஷமெல்லாம் ஒரே சமயத்தில் தண்ணீரில் கலந்துவிட்டது. ஏழைக் குழந்தை படுத்தால் குற்றம் அது தின்ற மாங்காயின் மேல் போகிறதே தவிர, அதற்குக் கொடுக்கப்பட்ட தண்ணீரின் மேல் போவதில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

"காய்ச்சிக் குடித்தால் போயிற்று" என்று சிலர் நினைக்கலாம். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஈரி ஏரித் தண்ணீரைக் குடிக்கும் டொலீடோ நகரத்தில் இந்த விஷம் குழாய்த் தண்ணீரிலேயே காணப்பட்டது. நாலு லட்சம் ஜனங்களுக்குச் சுமார் மூன்று நாள் குடிக்கத் தண்ணீரில்லை. அப்போது அதிகாரிகள் செய்த முக்கியமான எச்சரிக்கை, அந்தத் தண்ணீரைக் காய்ச்சியும் குடிக்கக்கூடாது என்பதாகும். காய்ச்சினால் கிருமி சாகுமே ஒழிய விஷம் சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட விஷத்தின் கடுமை ஏறவே செய்யும்.

இனி, இந்தப் பாசிக்குத் தீனி போடுவது யார்? 1973-ல் கனடாவில் ஷின்ட்லர் என்னும் விஞ்ஞானியும் அவர் கூட்டத்தாரும் ஒரு ஏரியை நடுவில் திரை போட்டு இரண்டாகத் தடுத்தார்கள். இரண்டு பாதியிலும் கரிச்சத்தும் நைட்ரஜன் சத்தும் சேர்த்தார்கள். ஒரு பாதியில் மாத்திரம் பாஸ்பரஸ் சத்தையும் சேர்த்தார்கள். அந்தப் பாதி பச்சையாயிற்று; மற்றப் பாதி தெளிவாகவே இருந்தது. ஒரே ஏரி, ஒரே வெயில், ஒரே காற்று. தெய்வ கோபமாயிருந்தால் திரைக்கு இந்தப் பக்கம் மாத்திரம் வருமா?

அந்தச் சத்துக்கள் நமது குளத்துக்கு எங்கிருந்து வருகின்றன? தெருச் சாக்கடையிலிருந்தும், கக்கூசுத் தண்ணீரிலிருந்தும், சாணத்திலிருந்தும், சில சோப்புத் தூளிலிருந்தும், மழையில் வயலிலிருந்து அடித்துக்கொண்டு வரும் உரத்திலிருந்துமே வருகின்றன. பக்தியின் பேரால் குளத்தில் கொட்டும் பொரியும் மாலையும் மாவும் அழுகி அதற்குத் துணை செய்கின்றன. நாம் அனுப்பின அழுக்குத்தான் நமக்குப் பச்சையாய்த் திரும்பி வருகிறது.

ஆதலால் பொது ஜனங்கள் செய்ய வேண்டியது இதுவே. பச்சை ஏடு படிந்த தண்ணீரைக் குடிக்கவும், சமைக்கவும், குளிக்கவும் கூடாது. ஒரு குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள். நூல் நூலாய்த் தொங்கினால் அது வேறு பாசி. பெயிண்ட் பூசினது போல் ஒட்டினால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். குழந்தைகளையும் மாடு ஆடுகளையும் அண்ட விடாதீர்கள். தாங்களாகவே மயில்துத்தத்தைக் கொட்டாதீர்கள். அப்படிப்பட்ட குளத்தில் செத்து மிதக்கும் மீனைச் சும்மா கிடைத்ததென்று எடுத்துச் சமைக்காதீர்கள்.

ஆனால் இவ்வளவும் நம்மைக் காத்துக்கொள்ளும் வழியே தவிர, குளத்தைக் காக்கும் வழியல்ல. சாக்கடையைக் குளத்தில் விடுவதை நிறுத்துவது பஞ்சாயத்தார், முனிசிபாலிடியார் கடமை. தண்ணீரைப் பரீட்சை செய்து முடிவைக் கரையில் பலகையில் எழுதி வைப்பதும் அவர்கள் கடமையே. வீட்டில் குழாய் உள்ளவனுக்கு இதில் அவசரமிராது. குளத்தையே நம்பியிருக்கும் கூலிக்காரனும், மாடு மேய்ப்பவனும், துணி வெளுப்பவனுமே கேட்டாக வேண்டும். பரிகாரத்துக்கு வசூலிக்கிற காசையும், அதற்காகக் கூடுகிற கூட்டத்தையும், அடுத்த கிராம சபைக்குத் திருப்புவார்களானால், குளம் தெளிவதற்கு அதைவிட நல்ல பரிகாரம் வேறொன்றுமில்லை என்று தெரிவித்துக் கொள்ளுகிறோம்.